உதறினவளுக்கு உதிர்ந்தது

செபாஸ்தியம்மாளுக்கு உலகப்படம் பார்க்கத் தெரியாது. ஆனால் உலகத்து மாடுகளை எல்லாம் தெரியும். திண்டுக்கல் பேகம்பூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், உப்புக் கொட்டகையில், வருஷக்கணக்காகத் தோல் உதறினவள். கப்பலில் வந்த தோலை விரித்த மாத்திரத்தில், "இது ஆப்பிரிக்கா, உண்ணி கடிச்ச தடத்தைப் பாரு" என்பாள். அடுத்ததை விரித்து, "இது ஆஸ்திரேலியா. மாட்டுக்கு அங்க ஒரு கவலையும் இல்லை, மேலெல்லாம் கொழுப்பு" என்பாள். தொடையில் பெரிசாகச் சூட்டுக்குறி இருந்தால் பிரேசில். "நம்ம ஊர்ல மாட்டுக்கு நோவு வந்தாச் சூடு போடுவோம். அவன் அட்ரசுக்குச் சூடு போடுறான்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ரோட்டடி டீக்கடை வரைக்கும் கேட்கும்.

பிறந்தது திண்டுக்கல்லுக்கு மேற்கே ஒரு வெங்காயக் காட்டு ஊரில். அப்பனுக்கு ரெண்டு குறுக்கம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. கிணறு வற்றியதும் நிலம் போயிற்று, நிலம் போனதும் குடும்பம் டவுனுக்கு வந்தது. அவளைக் கட்டிய சவரிமுத்து பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவர். வீட்டில் பேச்சு முழுக்க அவளுடையது, 'ம்' மட்டும் அவருடையது. பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால், "இருக்கிற ஒண்ணையே வளக்க முடியலை" என்று புருஷனைக் காட்டுவாள். அவரும் 'ம்' என்பார்.

தொண்ணூற்றொன்றில் அவள் வேலை கேட்டுப் போனபோது, மேஸ்திரி அப்துல் சுக்கூர்தான் உள்ளே விட்டார். கணக்கப்பிள்ளை வேண்டாம் என்றார். உப்பு வேலை லேசுப்பட்டதல்ல. உப்புப் போட்டு மடித்து வந்த தோலை ரெண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து, மரச்சட்டத்தின் மேல் ஓங்கி அடித்து உதற வேண்டும். உப்பு கண்ணில் விழும், விரல் இடுக்கில் வெடிக்கும், வீச்சமோ குடலைப் புரட்டும். கணக்கப்பிள்ளை இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். சுக்கூர் பாய், "சிரிக்கிற பொம்பளை ஒண்ணு கொட்டகையில இருந்தா வேலை தன்னால ஓடும். உள்ள வாம்மா" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்ததில்லை, பாய் வைத்தது. தோலை உதறும்போது உள்ளிருந்து என்ன விழுந்தாலும் அது உதறினவளுக்கு. கயிறு விழும், கொக்கி விழும், ஒரு தடவை தேய்ந்த பேனாக்கத்தி விழுந்தது. எந்தத் தேசத்து மாட்டுக் கழுத்திலோ ஆடிய வெண்கல மணி ஒன்று செபாஸ்தியம்மாளுக்கு விழுந்து, அவள் வீட்டு வாசலில் தொங்கியது. முதலாளிக்குத் தெரியும். கண்டுகொள்ள மாட்டார்.

இரண்டாயிரமாம் வருஷ டிசம்பர் ஒரு கூத்தான மாசம். மார்கழியும் வந்தது, கிறிஸ்துமஸும் வந்தது, ரம்ஜான் நோன்பும் வந்தது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. பேகம்பூரில் சாயங்காலமானால் நோன்புக் கஞ்சி வாசனை. செபாஸ்தியம்மாள் தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம். பக்கத்து வீட்டு சண்முகவள்ளிக்கோ மார்கழிக் கோலம் தவிர வேறு நினைப்பே கிடையாது. எதிர்த்த வரிசைக்காரி போன வருஷம் தேர் போட்டுவிட்டாளாம். இந்த வருஷம் மயில் போடாவிட்டால் வள்ளிக்கு மானம் போய்விடும். வள்ளியும் உப்புக் கொட்டகைதான். தோலின் ஒரு முனையை இவள் பிடித்தால் மறுமுனையை அவள் பிடிப்பாள்.

கார்த்திகை கடைசி நாள், வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர் வந்து நின்றது. ரெண்டு நாள் கழித்து வரவேண்டியது, முந்தியே வந்துவிட்டது. பாய் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்துவிட்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா செபாஸ்தி, நாங்க ஜும்மாவுக்குப் போயிட்டு வாரோம். வந்தப்புறம் உதறினாப் போதும்."

"நீங்க வந்தப்புறம்னா பொழுது போயிரும் பாய். நாங்க ஆரம்பிக்கிறோம். நீங்க போயி எங்களுக்கும் சேத்து வேண்டிக்கிட்டு வாங்க."

ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் இவர்கள் ரெண்டு பேர்தான். மூன்றாவது கட்டைப் பிரித்து உதறினபோது, வள்ளியின் கால்மாட்டில் செங்கல் மாதிரி ஒன்று தொப்பென்று விழுந்தது. அடுத்ததில் இன்னொன்று. எண்ணினால் பன்னிரண்டு. இறுக்கமான பிளாஸ்டிக், மேலே பழுப்பு டேப், அதன்மேல் பச்சைக் கிளி அச்சடித்த சின்னச் சீட்டு. ஒரு பொட்டலம் கொக்கி பட்டுக் கிழிந்து, வெள்ளை வெளேர் என்று மாவு கொட்டியது.

"உப்பாக்கா?"

"உப்பு இம்புட்டு நைசா இருக்காதுடி. சோடாவா இருக்கும்." செபாஸ்தியம்மாள் நாக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். கசந்தது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். அப்படியும் செத்த நேரத்தில் நாக்கு நுனி மரத்துப்போனது. பல் பிடுங்கும்போது டாக்டர் போட்ட ஊசி மாதிரி.

"ஏடி வள்ளி, என் நாக்கு இருக்கா பாரு."

"இருக்குக்கா. அது எங்க போகும்? போனாத்தான் ஊருக்கு நிம்மதியாச்சே."

ரெண்டு பேரும் நின்று யோசித்தார்கள். உப்பும் இல்லை, சோடாவும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. தோலுக்குப் போடுகிற ஏதோ மருந்து போல, வெளிநாட்டுக்காரன் மறந்து வைத்துக் கட்டிவிட்டான். தின்ன ஆகாது, அது நிச்சயம். மாவோ பாலாடை மாதிரி வெள்ளை. நாளைக்கு மார்கழி ஒண்ணு. வேறு என்ன தோன்றும்? தோல் ஷாப்பில் உப்பு உதறுகிற ரெண்டு திண்டுக்கல் பொம்பளைகளுக்குத் தோன்ற வேண்டியதுதான் தோன்றியது. கோலத்துக்கு ஆகும் என்று வள்ளி ஐந்தை எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனி தூவ ஆகும் என்று செபாஸ்தியம்மாள் ஏழை எடுத்துக்கொண்டாள்.

ஜும்மா முடிந்து திரும்பிய பாய், சாக்கில் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். "என்னம்மா மூட்டை?"

"உதிர்ந்தது பாய்."

"சரி சரி" என்று சொல்லிவிட்டு அவர் லாரிக்காரனிடம் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அதற்கப்புறம் அந்தத் தெரு கண்ட கொண்டாட்டத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் வள்ளி தண்ணீர் தெளித்த வாசலில் அந்த மாவை இழுத்தால், இழுக்க இழுக்கக் கரைந்துவிட்டது. அவளா விடுவாள்? வெள்ளைக்கல் மாவில் பாதிக்குப் பாதி கலந்தாள். மயில் நின்றது. தோகையைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது. எதிர்த்த வரிசைக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். எறும்பு ஒன்றுகூடக் கோலத்தை எட்டிப் பார்க்கவில்லை. "அம்புட்டுச் சுத்தம்" என்றாள் வள்ளி.

செபாஸ்தியம்மாள் குடில் கட்டுவதில் பெரிய கைகாரி. வருஷா வருஷம் நடுவீட்டில் பெத்லகேம் எழும்பும். இந்த வருஷம் ஆறு பொட்டலத்தை அடுக்கி, காப்பிநிறத் தாளைக் கசக்கி மேலே போர்த்தி, மலையாக்கினாள். ஏழாவதைப் பிரித்து மலைமேல் பனியாகத் தூவினாள். பிள்ளைகள் தொடாமல் இருக்கக் கயிறு கட்டினாள். சவரிமுத்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். 'ம்' என்பதைத் தாண்டி அவர் சொன்ன பாராட்டு கல்யாணமாகி இதுதான் மூன்றாவதோ நாலாவதோ. அவளுக்கு அன்று முழுக்கத் தலை கால் புரியவில்லை.

ஆறு நாள் போயிற்று. வியாழக்கிழமை தோல் ஷாப்புக்கு ஜீப் வந்தது. சென்னையிலிருந்து போதைமருந்துத் தடுப்பு அதிகாரிகள். பெரிய அதிகாரி மகேஸ்வரி என்று ஒரு பெண், சிரிப்பை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். கன்டெய்னர் எண்ணைச் சொல்லி, தோல் கட்டுகளைப் பிரித்து, உப்புக் குவியலைக் கிளறினார்கள். கிளிச்சீட்டு ஒட்டிய கிழிசல் பிளாஸ்டிக் ஒன்று கிடைத்தது. பெண்களை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே என்னவோ கேட்டார்கள். செத்த நேரத்தில் சுக்கூர் பாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பயணியர் விடுதியில் வைத்து விசாரணையாம். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதே ஜீப், ஷாப் வேலையாட்கள் குடியிருந்த தெருவைச் சோதிக்க வந்து, வள்ளியின் மயில் கழுத்தின் மேலேயே டயரை ஏற்றி நின்றது. வள்ளி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். "கண்ணு தெரியலையா சார்? விடிய விடிய உக்காந்து போட்டது! அந்தப் பக்கமா நிறுத்துனா ஜீப்பு என்ன தேஞ்சா போயிரும்?" காக்கிச் சட்டைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். நாலு வீடு பார்த்தார்கள். செபாஸ்தியம்மாள் வீட்டில் குடிலைப் பார்த்து, "நல்லா கட்டியிருக்கீங்கம்மா" என்று ஒருவர் கும்பிடு போட்டுவிட்டும் போனார்.

சனிக்கிழமை காலைதான் இடி விழுந்தது. சவரிமுத்து டீக்கடைப் பேப்பரை வாங்கி வந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "தென் அமெரிக்காவிலிருந்து தோலுக்குள் கடத்தப்பட்ட பல கோடி ரூபாய் கோகெய்ன். கிளி முத்திரை பதித்த பன்னிரண்டு பொட்டலங்கள் எங்கே? மேஸ்திரியிடம் தீவிர விசாரணை."

செபாஸ்தியம்மாள் வாயைப் பிளந்தபடி பெத்லகேம் மலையைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து மயிலைப் பார்த்தாள். அங்கே வள்ளி தோகைக்கு இன்னொரு வரிசை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி, கையை எடு! அதைத் தொடாத!"

விஷயம் கேட்டதும் வள்ளி கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாயிற்று. மடியிலா, நடுவீட்டில் குழந்தை ஏசுவுக்கு மெத்தையாக அல்லவா போட்டிருக்கிறது!

"பத்து வருஷம் உள்ள வச்சிருவாங்க" என்றார் சவரிமுத்து. சொன்னது சின்னக் குரலில்தான். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. சிறைக்குச் செபாஸ்தியம்மாள் பயந்ததைவிட, இந்த மனுஷன் தனியாகச் சோறு பொங்கித் தின்பதை நினைத்துத்தான் அதிகம் பயந்தாள்.

வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னாள். "குளத்துல கொண்டுபோயிக் கொட்டிருவோம்க்கா. தண்ணியில கரையும், எனக்குத் தெரியும். பிளாஸ்டிக்கை அடுப்புல போட்டுருவோம். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

நல்ல யோசனைதான். செபாஸ்தியம்மாளே சாக்கை எடுத்துவிட்டாள். அப்போது வாசல் மணி அடித்தது.

வந்தது மீரான், சுக்கூர் பாயின் தம்பி. பேகம்பூரில் அத்தர்க் கடை வைத்திருப்பவர். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். "அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சும்மா" என்றார். "அன்னிக்கு கன்டெய்னரை யாரு பிரிச்சதுன்னு அதிகாரி கேக்குறாங்க. நான்தான்கிறாரு. கூட யாருன்னா, ஒருத்தரும் இல்லைங்கிறாரு. வெள்ளிக்கிழமையாச்சே, நீங்க ஜும்மாவுக்குப் போகலையான்னு கேட்டா, போகலைங்கிறாரு! மூணு தடவை கேட்டு மூணு தடவையும் போகலைன்னே சொல்லிட்டாரு. என் தோளோட தோள் ஒட்டி நின்னு தொழுத மனுசன். நான் போயிச் சத்தியம் பண்ணினா, 'தம்பி பாசத்துல பொய் சொல்றான்'ங்கிறாரு. ரம்ஜான் ஜும்மாவை விட்டவன்னு தெருவுல பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஏன் இப்பிடிச் சொல்றாருன்னே வெளங்கலை. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

செபாஸ்தியம்மாளுக்கு விளங்கிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனிதர். தொழப் போனேன் என்றால் தப்பித்தார், இருநூறு பேர் சாட்சி. ஆனால் அப்படிச் சொன்ன மறுநிமிஷமே, 'அப்படியானால் கொட்டகையில் யார் இருந்தார்கள்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான், வாயில் தண்ணீர் படாத நோன்போடு, தொழுத தொழுகையை இல்லை என்கிறார்.

அவள் அழுதாள். அவள் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சாக்கை மடிச்சு வையி வள்ளி" என்றாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் போறோம்."

"எங்கக்கா?"

"ஜீப்பு எங்க நிக்குதோ அங்க."

மறுநாள் ஞாயிறு, டிசம்பர் இருபத்திநாலு. கோயிலிலிருந்து நேராக, நல்ல சேலையோடு, சவரிமுத்து பின்னால் வர, ரெண்டு பேரும் பயணியர் விடுதிக்குப் போனார்கள். மகேஸ்வரி மேடம் மேசையில் இருந்தார். செபாஸ்தியம்மாள் உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கார்த்திகை கடைசி வெள்ளியில் ஆரம்பித்து, கிளி, நாக்கு, மயில், பெத்லகேம் என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

மேடம் பேனாவை வைத்தார். "யார் சொல்லிக்கொடுத்து வந்தீங்க?"

"யாரும் இல்லை மேடம்."

"பல கோடி ரூபாய்ச் சரக்கு. அதுல கோலம் போட்டீங்க. இதை நான் எழுதி மேலே அனுப்பணும். என்னை வேலையில வச்சிருப்பாங்களா?"

வள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், முந்தாநேத்து உங்க ஜீப்பு ஏறி நின்னதே அது மேலதான். டயரைச் சுரண்டிப் பாருங்க."

ஜீப் திரும்பவும் வள்ளி வாசலுக்கு வந்தது. தெருவே கூடி நின்றது. மகேஸ்வரி மேடம் மயிலின் கொண்டையருகே குந்தி உட்கார்ந்து, சிட்டிகை மாவை ஒரு சின்னக் குழாயில் போட்டு, மருந்து ரெண்டு சொட்டு விட்டார். கோகெய்ன் என்றால் நீலமாகுமாம். குழாய் நீலமாயிற்று. இன்னொரு சிட்டிகை எடுத்தார். அதுவும் நீலம். தோகை, கால், அலகு, எல்லாம் நீலம்தான். அந்த அம்மா மெல்ல எழுந்து வள்ளி வீட்டுப் படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிக்கிறார். கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறார். "பதினாலு வருஷ சர்வீஸ்" என்றார். "காருக்குள்ள பார்த்திருக்கேன், சிலைக்குள்ள பார்த்திருக்கேன், வயித்துக்குள்ள பார்த்திருக்கேன். வாசல்ல போட்டு, தேய்ச்சதுக்கு எங்களையே திட்டி இப்பத்தான் பார்க்கிறேன்!"

வள்ளி பொங்கலுக்கென்று எடுத்து வைத்திருந்த மூன்று பொட்டலமும் அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து வந்தன. குடில் மலையைப் பிரித்து ஆறும் எடுத்தார்கள். பனியைத் துடைத்தெடுத்து உறையில் போட்டார்கள்.

டீ வந்தது. டீயோடு மேடம் சொன்ன கதையும் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் மலையில் விளைகிற ஏதோ இலையாம். காட்டுக்குள் கொட்டகை போட்டு அதை மாவாக்குவார்களாம். மாவாக்குகிறவனுக்குக் கட்டுகிறவனைத் தெரியாது, கட்டுகிறவனுக்குக் கப்பலில் ஏற்றுகிறவனைத் தெரியாது. ஒரு கை செய்வது அடுத்த கைக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். தோல் வீச்சத்தில் மோப்ப நாய்க்கும் மூக்கு அடைத்துவிடுமாம். தூத்துக்குடியில் ஒருவன் சனிக்கிழமை ரகசியமாக எடுத்து, கொழும்பு வழியாக வெள்ளைக்காரத் தேசத்துக்கு அனுப்ப வேண்டியது. அவனைப் பிடித்த பிறகுதான் கிளியும் கன்டெய்னர் எண்ணும் தெரிய வந்தன.

"அப்ப இங்க எப்படி வந்துச்சு?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"லாரி டிரைவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மார்கழி பிறந்துட்டா நல்ல காரியம் செய்யக்கூடாதாமே? அதனால சனிக்கிழமை எடுக்க வேண்டிய லோடை வியாழக்கிழமையே எடுத்துட்டு ஓடி வந்துட்டார். மூணு கண்டத்துல ஆள் வச்சு நடத்துறவனுக்கு மார்கழி தெரியலை."

தெரு சிரித்தது. செபாஸ்தியம்மாள் மட்டும் சிரிக்காமல், "எங்களை எப்ப மேடம் கூட்டிட்டுப் போவீங்க? இவருக்கு ரெண்டு நாளைக்குக் குழம்பு வச்சுட்டு வந்துருவேன்" என்று சவரிமுத்தைக் காட்டினாள்.

"தானா வந்து சொன்னவங்களை எங்க கூட்டிட்டுப் போறது? நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கோர்ட்டுல சாட்சி சொல்லக் கூப்பிடுவோம், வரணும்." எழுந்தவர், தரைமட்டமாகக் கிடந்த பெத்லகேமைப் பார்த்துத் தயங்கினார். காக்கிச் சட்டைக்காரர் ரெண்டு பேர் ஏற்கெனவே பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து செங்கல் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், அரசாங்கச் செலவில் மலை திரும்ப எழும்பியது. பனிக்குச் செபாஸ்தியம்மாள் பஞ்சு வைத்தாள்.

சாயங்காலம் பாங்கு சொல்கிற நேரத்துக்குப் பாயை விடுதி வாசலில் விட்டார்கள். மீரான் பேரீச்சம்பழத்தோடு நின்றார். இவர்களும் நின்றார்கள். நாலு நாளில் பாய் பாதியாகியிருந்தார். ஒரு பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா வந்து சொன்னீங்க? நான் பாத்துக்க மாட்டேனா?"

"என்னத்தைப் பாத்தீங்க? ஜும்மாவுக்குப் போகலைன்னு எந்த வாய் வச்சுச் சொன்னீங்க பாய்?"

"பொம்பளைப் புள்ளைகளை ஜீப்புல ஏத்துவாங்க, தெருவே பாக்கும். எனக்கு அது தாங்காது." பாய் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உதிர்ந்தது உங்களுக்குன்னு சட்டம் போட்டது நான்தானே. ஆனா பொய் பொய்தான். நோன்போட மூணு தடவை சொல்லிட்டேன். பெருநாள் கழிஞ்சு மூணு நோன்பு கூட வச்சுத்தான் கழிக்கணும்."

செபாஸ்தியம்மாள் யோசித்தாள். "எங்க ராயப்பரும், ஏசுவோட சீடரு, அவரைத் தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை பொய் சொன்னாரு பாய். அவரு தன்னைக் காப்பாத்திக்கிறதுக்குச் சொன்னாரு. நீங்க எங்களைக் காப்பாத்தச் சொன்னீங்க. அதனால மூணுல ரெண்டு எங்களுது."

"அதெல்லாம் அடுத்தவங்க வைக்க முடியாதும்மா."

"பொய் எங்களுக்குன்னா நோன்பும் எங்களுக்குத்தான். உங்க ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இதற்கெல்லாம் பிறகு எத்தனையோ நடந்தன. மூன்று வருஷம் கழித்து மதுரைக் கோர்ட்டில் அவள் சாட்சி சொன்னபோது, தூத்துக்குடிக்காரனின் வக்கீல், "கோடி ரூபாய்ப் பொருளை யாராவது வாசலில் கொட்டுவார்களா?" என்று மடக்கப் பார்த்தார். "வாசலை அழகு பண்ணத்தான் வள்ளி கொட்டினா. வீணா ஒரு சிட்டிகை போடலை அய்யா" என்றாள். நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோளும் குலுங்கியதாகச் சவரிமுத்து சொல்வார். தோல் ஷாப்பில் ரெண்டாயிரத்து ஏழு வரைக்கும் உதறினாள். உதிர்ந்ததை எல்லாம் முதலில் பாயிடம் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கூடியது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஜனவரி நாளைத்தான் அவளைத் தெரிந்தவர்கள் அதிகம் சொல்வார்கள். பெருநாள் பிரியாணியும் முடிந்து, தைப்பொங்கலும் முடிந்தது. முதல் ரெண்டு நோன்பை முடித்துவிட்ட பாயை மூன்றாவதுக்கு முன்னால் வழிமறித்து, அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து நோற்பது என்று அவள் முடிவு செய்தாள். விடிவதற்கு முன் எழுந்து மூன்று தட்டுச் சோறு தின்றாள். வள்ளிக்கும் ஊட்டாத குறையாகப் போட்டாள். காலையில் ஜம்பமாகத்தான் வேலைக்கு வந்தாள். பதினோரு மணிக்குச் சிரிப்பு நின்றது. ஒரு மணிக்குப் பேச்சும் நின்றது. உப்புக் கொட்டகை அப்படி அமைதியாக இருந்து பார்க்காததால், தோல் பதனிடுகிற டிரம் ஓட்டும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்து, "அக்காவுக்கு மேலுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மணிக்குத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போன வள்ளியை முந்தானையைப் பிடித்து இழுத்து வந்தாள். பாய் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டதும் மூன்று பேரும் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். பாய் ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்தார். "என் வீட்டு ஆளுங்ககூட எனக்காக இப்படி ஒரு நாள் இருந்ததில்லைம்மா" என்றார். கண் கலங்கிவிட்டது.

செபாஸ்தியம்மாள் பழத்தை விழுங்கி, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"பாய், இனிமே எங்களுக்காகப் பொய் சொன்னா ஒரு தடவையோட நிறுத்திக்கங்க. பசி தாங்கலை."